சாய்ப்புக்குப் பன்னிரண்டு வோல்ட்

எங்கள் வீட்டு முன்வாசலில் இறக்கிய தகரச் சாய்ப்புதான் என் வீட்டுக்காரரைக் கொன்றது. ஊரில் கேட்டால் விதி என்பார்கள். விதியாவது மண்ணாவது! கோயில் திருவிழாவுக்காக என் தம்பி அந்தச் சாய்ப்பின் விளிம்பு நெடுக சீரியல் செட் கட்டினான். பழைய ஒயர். அறுந்த இடங்களில் எல்லாம் செல்லோடேப் சுற்றியிருந்தான். பிளக் கிடையாது. ஒயர் முனை இரண்டையும் சுவிட்ச் போர்டு ஓட்டைக்குள் விட்டு, கழன்று விழாமல் இருக்கத் தீக்குச்சியைச் சொருகினான். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொருகுவார்கள். வயலிலிருந்து மழையில் நனைந்து வந்தவர், துண்டைப் பிழிந்து போடச் சாய்ப்பின் விளிம்பைப் பிடித்தார். பிடித்த கையை அவரால் எடுக்க முடியவில்லை.

நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தார். சிரிக்கிறார் என்று நினைத்தேன். தலைக்கு மேலே சிவப்பும் பச்சையும் மாறி மாறி எரிந்தன.

தம்பி அன்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பாடையின் முன்பக்கத்தை அவன்தான் தூக்கினான். 'மழை ஈரத்துல கரண்டு எறங்கிருச்சு' என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். கரண்டு என்னவோ தானாக நடந்து வந்து ஏறியது போல! 'நீ கட்டுன லைட்டுதான்டா' என்று சொல்ல எனக்கு எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அவன் தூக்கில் தொங்கிவிடுவான், இல்லாவிட்டால் என் வாசல் மிதிக்க மாட்டான். எங்கள் நெல்லுக்குத் தண்ணீர் கட்டுபவன் அவன். என் மகளுக்கு இருக்கும் ஒரே தாய்மாமன் அவன். அவன் இல்லாமல் அவள் மணமேடையில் ஏற முடியாது. அதனால் அவனைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலை விழுங்கிக்கொண்டு சோறு போட்டேன்.

மகளுக்கு வாலிகண்டபுரத்துப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாண வீட்டு வாசல் இருட்டாக இருக்கலாமா? 'எழவு வூடுன்னு நெனச்சுக்குவாங்க' என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அன்றைக்கே கடப்பாரையை எடுத்துக்கொண்டு சாய்ப்பையே பெயர்த்து எறியப் போனேன். இரண்டு தகரம் நெளிந்துவிட்டது. மகள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "மழை பேஞ்சா ஒதுங்க வேற எடம் ஏதும்மா?" என்றாள். அது நியாயம்தான்.

அரியலூரில் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போனேன். தா.பழூர் பஸ்ஸிலிருந்து இறங்கியபோதே எனக்கு ஆத்திரமாக வந்தது. தகரத்தில் கட்டினால் ஆளைக் கொல்லாத லைட்டு வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். அப்புறம் ரப்பர் உறை போட்ட ஒரு பட்டை லைட்டையும் அதன் கரண்டுப் பொட்டியையும் எடுத்து மேசைமேல் வைத்து எரியவிட்டார்.

"இது பன்னெண்டு வோல்ட்டுங்க. வூட்டு கரண்டு இந்தப் பொட்டியோட நின்னுரும். பொட்டிய வூட்டுக்குள்ளயே மாட்டிடணும். வெளிய போறது வெறும் பன்னெண்டுதான். தொட்டா ஒண்ணும் செய்யாது."

"ஒண்ணும் செய்யாதுன்னு எல்லாப் பயலும்தான் சொல்றான். நீங்க மொதல்ல தொடுங்க."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"உறைய நறுக்கிட்டுத் தொடுங்க. கைய நனைச்சுட்டுத் தொடுங்க."

மனிதர் பாவம், உறையை நறுக்கி, பாட்டில் தண்ணீரில் கையை நனைத்து, செம்பு தெரிந்த இடத்தைப் பிடித்தார். லைட் எரிந்துகொண்டே இருந்தது. பிறகு நானும் நனைத்துக்கொண்டு பிடித்தேன். எறும்பு ஊறுகிற அளவுகூட இல்லை.

அப்போது எனக்கு வந்த கோபம் அந்தக் கடைக்கே தாங்காது. இப்படி ஒன்று உலகத்தில் இருந்திருக்கிறது! கடையில் தொங்கியிருக்கிறது! மேசைமேல் ஓங்கி அடித்தேன், டப்பா கவிழ்ந்து திருகாணியெல்லாம் தரையில் ஓடின. "என்னம்மா ஆச்சு?" என்றார் கடைக்காரர்.

"வெள்ளையா மஞ்சளா, அதச் சொல்லுங்க" என்று கத்தினேன்.

வெள்ளை போட்டால் வயல் பூச்சியெல்லாம் வந்து பந்தி இலையில் விழும் என்றார். மஞ்சளே வாங்கினேன்.

பந்தக்கால் ஊன்றும் காலையில் தம்பி வந்தான். எங்கள் வகையறாவில் பந்தக்கால் ஊன்றுவதும் வாசலுக்கு லைட் கட்டுவதும் தாய்மாமன் உரிமை. செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தக்காலை ஊன்றினான், பாலும் தண்ணீரும் ஊற்றிக் கும்பிட்டான். வாசல் சேறாகிவிட்டது. அடுத்து வண்டியிலிருந்து ஒரு சாக்கைத் தூக்கி வந்து கொட்டினான். சீரியல் செட்டு.

"நான் லைட்டு வாங்கிட்டேன்டா. அது வேணாம்" என்றேன்.

நான் வாங்கிய பட்டையைத் தூக்கிப் பார்த்தான். "என்னக்கா இது, புள்ளையாருக்குப் போடுற லைட்டு மாதிரி? என் மருமவ கல்யாணம்! மெயின் ரோட்டுலேருந்து பார்த்தா தெரிய வேணாமா?" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலைப் போட்டு ஏறிக் கட்ட ஆரம்பித்தான்.

நான் ஒயரைப் பிடித்து இழுத்தேன். தகர விளிம்பில் கரகரவென்று உரசிக்கொண்டு மொத்தமும் அறுந்து வந்தது. ஸ்டூலிலிருந்து குதித்தவன் என் கன்னத்தில் அறைந்தான். உதடு கிழிந்து வாயில் உப்புக் கரித்தது.

"சொந்தபந்தம் முன்னாடி என்னய அசிங்கப்படுத்துறியா? நான் கட்டக் கூடாதுன்னா வேற எவன் கட்டுவான்? காரணத்தச் சொல்லு!"

காரணத்தையா கேட்கிறான்! கையில் கிடைத்த சொம்பை எடுத்து வீசினேன். அவன் புருவத்தில் பட்டு ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. பெண்கள் கூவினார்கள். இரண்டு பேர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் ரத்தத்தைத் துடைக்காமல், நான் இழுத்துப் போட்ட அதே ஒயரை முறுக்கி, மறுபடியும் விளிம்பில் கட்டினான். வீட்டுக்குள் போய்த் தீக்குச்சியைச் சொருகினான். பட்டப்பகலில் சிவப்பும் பச்சையும் எரிந்தன.

"பாரு! நல்லாப் பாரு! என்ன ஆயிருச்சு?" என்று கத்திக்கொண்டே வந்து, சேற்றில் வெறுங்காலோடு நின்று, சாய்ப்பின் விளிம்பை வலது கையால் இறுக்கிப் பிடித்தான்.

அவ்வளவுதான். பேச்சு நின்றுவிட்டது. பல் தெரிந்தது. அந்த இளிப்பை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

என்னைப் பிடித்திருந்தவர்களை எப்படி உதறினேன் என்று தெரியாது. பந்தலுக்காகக் கிடந்த காய்ந்த சவுக்குக் கட்டையைத் தூக்கி அவன் முன்னங்கையில் அடித்தேன். கை விளிம்பை விட்டது. பொத்தென்று சேற்றில் விழுந்து, மூச்சை இழுத்துக்கொண்டு இருமினான். யாரோ உள்ளே ஓடி ஒயரைப் பிடுங்கினார்கள்.

நான் கட்டையைக் கீழே போடவில்லை. அவன் விழுந்து கிடக்க, அதே கையில் இன்னும் இரண்டு அடி அடித்தேன். கடைசி அடியில் எலும்பு முறிந்தது எனக்குக் கேட்டது.

ஊரே என்னைக் கொண்டாடியது. அக்கா மட்டும் இல்லாவிட்டால் மச்சான் போன இடத்துக்கே போயிருப்பான் என்றார்கள். மாவுக்கட்டு போடும்போது அவனும் அதையேதான் சொன்னானாம். ஆனால் அதற்குப் பிறகு என் வீட்டுப் பக்கம் வரவில்லை. போன் எடுக்கவில்லை. தாய்மாமன் இல்லாத மேடையில் என் மகளை எப்படி ஏற்றுவேன் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பொட்டியைக் கூடத்துச் சுவரில் மாட்டச் செய்து, மஞ்சள் லைட்டைச் சாய்ப்பின் அடியில் நானே ஸ்டூலில் ஏறி ஒட்டினேன்.

கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் வந்துவிட்டான். கழுத்தில் தொங்கிய மாவுக்கட்டுக் கை, இடது கையில் சீர்த்தட்டு. மகள் ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள். அவன் லைட்டுக்கு அடியில் நாற்காலியில் உட்கார்ந்தான். காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். முகத்தைப் பார்க்காமலே வாங்கினான்.

"மொத அடியிலயே கை வுட்டுருச்சுக்கா" என்றான்.

"தெரியும்."

"மத்த ரெண்டும் மச்சானுக்குத்தான?"

"ஆமாடா."

காப்பியைக் குடிக்காமல் தம்ளரைக் கீழே வைத்தான். "அந்த டேப்பு சுத்துனதே நான்தான. எனக்குத் தெரியாதா?" என்றான். உள்ளேயிருந்து மகள், "மாமா, நலங்கு வைக்கணும், வாங்க!" என்று கூப்பிட்டாள். கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு எழுந்தான்.

"அந்த ரெண்டு அடி பத்தாதுக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.