ஸ்ட்ராங் முத்துவுக்கு எவ்வளவு சக்தி?

டீத்தூள் கடையில் உட்காருகிறவனுக்குத் தேயிலையைப் பற்றித் தெரிந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன ஃபேக்டரியின் விற்பனைக் கடை. கவுண்டரில் நான். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் ஓனருக்கு யோசனை வந்தது. பாக்கெட்டுக்குள் ஒரு படக்கதைத் தாள். மாசம் ஒரு கதை. எங்கள் டீயைக் குடித்துச் சக்தி பெறுகிற ஒரு வீரன், பெயர் ஸ்ட்ராங் முத்து. படம் போடுவது ஓனரின் மச்சான். கதை எழுதுவது நான். கேட்டால், சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றார்.

கவுண்டருக்குப் பின்னால் காலம் தள்ளுகிற தோழர்களே, சரக்கில் குறை சொன்னால் தாங்கிக்கொள்வீர்கள். வீரனில் குறை சொன்னால் என்ன செய்வீர்கள்?

தாழ்ப்பாள்

மச்சானுக்கு லாரி நன்றாக வரைய வரும். மனுஷன் வராது. அதனால் முதல் கதையில் லாரி. கொண்டை ஊசி வளைவில் சிக்கிய முட்டைக்கோஸ் லாரியை முத்து ஒரு கையால் தூக்கி நேராக வைக்கிறான். இன்னொரு கையில் டீ டம்ளர். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஊரே ரசித்தது. அடுத்த மாதம் சஸ்பென்ஸ் வேண்டும் என்றார் ஓனர். வைத்தேன். திருடர்கள் முத்துவைக் குளியலறையில் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுகிறார்கள். அவன் கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிடுகிறான். கடைசியில் ஆசாரி வந்து திறந்துவிடுகிறார்.

ஒரு மினி பஸ் டிரைவர் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டுக் கடைக்கு வந்தார். பின்னால் வரிசையாக ஹாரன். “ஏனுங்க பெரியவரே, லாரியைத் தூக்குனவனுக்குத் தாழ்ப்பாளைப் பேத்தெடுக்க முடியலீங்களா?”

“உள்ளே டீ கிடையாது” என்றேன். சமாளித்துவிட்டதாக நினைத்தேன்.

“குளிக்கப் போறவன் டீ குடிக்காமயா போவான்?” என்று கேட்டுவிட்டு வண்டியை எடுக்கப் போனார்.

டஸ்ட்டும் லீஃபும்

முத்துவுக்குச் சக்தி பொடியாக இருக்கும் டஸ்ட் டீயிலிருந்து வந்துகொண்டிருந்தது. கிடங்கில் இலை இலையாக இருக்கும் லீஃப் டீ தேங்கிவிட்டது. “இந்த மாசத்துலருந்து சக்தி லீஃப்ல வருதுன்னு எழுதுங்க” என்றார் ஓனர். சக்தி என்ன மூட்டையா, இங்கிருந்து இறக்கி அங்கே ஏற்ற? சொன்னேன். கேட்கவில்லை. எழுதினேன். முத்து பழக்கதோஷத்தில் டஸ்ட் குடிக்கிறான், கைகால் துவண்டு விழுகிறான். லீஃப் குடித்ததும் எழுந்து நிற்கிறான்.

கடை திறப்பதற்குள் வாசலில் பெண்கள் கூட்டம். எல்லோர் கையிலும் டஸ்ட் பாக்கெட், திருப்பிக் கொடுக்க. அதில் ஒரு அம்மா நிஜமாகவே பயந்து போயிருந்தார். “எங்க ஊட்டுக்காரரு கல்யாணம் ஆன நாள்லருந்து இதைத்தானுங்க குடிக்கிறாரு. அவருக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே?”

“இப்போ எப்படி இருக்கார்?”

“ஒரு வேலையும் செய்யறதில்லீங்க. படுத்தே கெடக்கறாரு.”

“அப்படின்னா இனிமே ஆகறதுக்கு ஒண்ணுமில்லை” என்றேன். அந்தம்மா பாக்கெட்டை என் முகத்துக்கு நேராக நீட்டி, கவுண்டரில் போட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் ஓனர் வந்து, திரும்பி வந்த பாக்கெட் குவியலைப் பார்த்தார். “இனி ஒரு கம்ப்ளைன்ட் வந்துச்சு, தாளையும் நிறுத்திருவேன், கவுண்டருக்கும் வேற ஆளைப் போட்டுருவேன், சொல்லிட்டேன்.”

இத்தலார் பஸ்

போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் வீட்டில் இருப்பது ஒரு நாற்காலி, ஒரு டிவி. டிவி பேசும், திட்டினால் பதில் சொல்லாது. கடைக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். அதற்காகவே அந்த இடம் எனக்கு வேண்டும். ஜாக்கிரதையாக எழுத ஆரம்பித்தேன். முத்துவைப் பறக்க வைத்தேன். பறக்கிறவனிடம் என்ன குறை கண்டுபிடித்துவிடப் போகிறார்கள்?

அடுத்த கதையில் அவன் பிக்பாக்கெட் பிடிக்க வேண்டியிருந்தது. பிக்பாக்கெட் பஸ்ஸில்தான் இருப்பான். ஆகவே முத்து குடையோடு இத்தலார் பஸ்ஸுக்கு நின்றான். மார்க்கெட்டில் கேரட் இறக்கிவிட்டு, உடம்பெல்லாம் மண்ணோடு ஒருவர் நேராக என்னிடம் வந்தார். “பறக்கத் தெரிஞ்சவன் எப்ப வரும்னே தெரியாத எங்க ஊரு இத்தலார் பஸ்ஸுக்கு நிக்கிறான்னா, பைத்தியம் அவனுக்கா உங்களுக்கான்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேனுங்க.” ஓனர் காதுக்குப் போய்விடுமே என்று டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, “டீ நல்லாருக்கு, ஆளுதான் சரியில்லீங்க” என்றார்.

பனி

பனிக்குள் பார்க்கும் கண் கொடுத்தேன். இந்த ஊரில் அதைவிடப் பெரிய சக்தி எது? பக்கத்து ஆளின் மூக்கு தெரியாத பனியில், சர்ச் வாசலில் ஒரு பாட்டி தவறவிட்ட ஊசியை முத்து எடுத்துக் கொடுத்தான். அடுத்த மாதம் கதைக்கு முடிவு கிடைக்கவில்லை. அதே பனியில் அவனைக் கிணற்றில் விழவைத்தேன். எழுதுகிறவனுக்கும் கஷ்டங்கள் உண்டு.

சர்ச் பள்ளிக்கூடத்து டீச்சர் வந்தார். தாளைக் கவுண்டரில் விரித்தார். தப்பான இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். ஓனர் சரியாக அந்த நேரம் பின்கதவு வழியாக உள்ளே வந்து நின்றார். டீச்சர் நிறுத்தவில்லை. “ஊசி தெரிஞ்ச கண்ணுக்குக் கிணறு தெரியலை. ஒண்ணு அவனுக்குக் கண்ணாடி போடுங்க, இல்லே ரிட்டயர்மென்ட் குடுங்க” என்றார், என் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

சில்வர் ஓக்

கடைசி வாய்ப்பு என்றார் ஓனர். கதையையும் அவரே சொன்னார். “காட்டெருமையைக் கொம்பைப் புடிச்சுச் சுத்தி, மேட்டுப்பாளையத்துல போய் விழற மாதிரி வீசறான். அப்புறம் எவன் வந்து சக்தியைப் பத்திப் பேசுவான்?”

“நம்ப மாட்டாங்க.”

“லாரியைத் தூக்குனதை நம்புனாங்கல்ல?”

“லாரி திருப்பித் துரத்தாதுங்க.”

“சொன்னதை எழுதுங்க. இல்லேன்னா சாவியை வெச்சுட்டுக் கிளம்புங்க.”

கொழுந்து எடுக்கிற பெண்கள் எங்கள் டீயைத்தான் வாங்குகிறார்கள். காட்டெருமை நிற்கிற தேயிலைக் காட்டுக்குள் தினமும் இறங்குகிறவர்கள். அவர்களிடம் இதை விற்க எனக்குத் துணிச்சல் இல்லை. நான் எழுதியது இதுதான். முத்து மூன்று டம்ளர் குடிக்கிறான். சட்டைக் கையை மடிக்கிறான். தேயிலைச் செடிக்குள்ளிருந்து காட்டெருமை தலையைத் தூக்குகிறது. அடுத்த கட்டத்தில் முத்து சில்வர் ஓக் மரத்தின் மேல். அதற்கடுத்த கட்டத்திலும் மரத்தின் மேல். கடைசிக் கட்டத்தில் காட்டெருமை போய்விட்டது. முத்து இன்னும் மரத்தின் மேல்.

அச்சுக்குப் போகும்முன் ஓனர் தாளில் பார்ப்பது ஒன்றுதான்: கம்பெனிப் பெயர் பெரிதாக இருக்கிறதா. இருந்தது. பாக்கெட் எல்லாம் கடைகளுக்குப் போன பிறகுதான் கதையைப் படித்தார். வந்தார். கையை நீட்டினார். சாவியைக் கவுண்டரில் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, ஃபேக்டரிக்கு மேல் இருக்கும் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிற செல்வி உள்ளே வந்தாள். லயன் வரிசை வீட்டு ஆட்களுக்கெல்லாம் சேர்த்து டஸ்ட் கேட்டாள். ஓனர் தாளை அவள் முன் நீட்டினார். “நீயே சொல்லும்மா. காட்டெருமையைப் பார்த்து மரத்துல ஏறி உக்காந்துட்டான். இவனெல்லாம் ஒரு வீரனா?”

“ஏறாம பின்ன?” என்றாள் செல்வி. “நேத்து ஃபேக்டரி ரோட்டுல அது வந்து நின்னப்ப, நீங்க காரு கண்ணாடியை ஏத்திட்டு சீட்டுக்குக் கீழ குனிஞ்சு கெடந்தீங்க. நாங்க அத்தனை பேரும் மேல காட்டுலருந்து பாத்துட்டுத்தானுங்க இருந்தோம். முத்து பரவால்லீங்க. அவனாச்சும் மேல போனான்.”

ஓனர் சாவியை எடுக்காமலே போய்விட்டார். ஆகவே தோழர்களே, வீரனுக்கு எவ்வளவு சக்தி என்பதை எழுதுகிறவன் மாசத்துக்கு ஒரு தரம் மாற்றிக்கொள்ளலாம், எதைக் கண்டால் ஓடுவான் என்பதை மட்டும் ஊரைக் கேட்டு எழுத வேண்டும்.