லிஃப்ட்காரர் கையில் ஷாட்கன்

என் அக்காவின் கணவர் ஒரு பெரிய மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குகிறார். ஸ்ட்ரெச்சர் போகிற அகலமான லிஃப்ட். உள்ளே அவருக்கென்று ஒரு முக்காலி உண்டு. அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கதவு திறந்ததும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழிவிடுவார். அழுதுகொண்டு வருகிறவர், பழப்பையோடு வருகிறவர், டாக்டர், தரை துடைக்கிற அம்மா, எல்லோருக்கும் ஒரே மரியாதைதான். "உள்ள தள்ளி நில்லுங்க" என்று தூக்கத்திலும் சொல்வார் என்பது அக்காவின் புகார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நாங்கள் துப்பாக்கியைக் கொடுத்தோம். கம்ப்யூட்டர் விளையாட்டில்தான், நிஜத்தில் இல்லை. ஆனாலும் இது உருப்படாது என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

நான்கு பேர் நான்கு பேரோடு மோதுகிற விளையாட்டு அது. எங்கள் அணிக்குத் தலைவி அத்தானின் மகள். அடுத்தது அவளுடைய தாய்மாமனான நான். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், அக்கா வீட்டு மாடியறையில் குடியிருக்கிறேன், சட்டென்று கோபம் வரும். மூன்றாவது அவளுடைய கணவன். நான்காவதாக இருந்தவன் வேலை மாறிப் போய்விட்டான். "மாமா, அப்பா வருவாரான்னு கேட்டுப் பாருங்க" என்று அவள் போனில் சொன்னபோது, பேசுவது அவள்தானா என்று நான் திரையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

ஏனென்றால் அப்பாவும் மகளும் பேசி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் கல்யாணம் செய்துகொண்டவன் நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டி விடுகிற வேலை பார்ப்பவன். அது அத்தானின் மண்டையில் ஏறவே இல்லை. பதிவுக் கல்யாணம் முடித்துவிட்டு இருவரும் நேராக வீட்டுக்கு வந்தார்கள். மணி அடித்ததும் அத்தான் போய்க் கதவைத் திறந்தார், பார்த்தார், சாத்திவிட்டார். திட்டவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் கதவு திறக்கிறவர், பெற்ற பெண்ணின் முகத்தில் சாத்தினார். பிறகு அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு அக்காவிடம், "நான் எதுக்குச் சாத்தினேன்?" என்று கேட்டார். அக்கா ஆத்திரத்தில் சொம்பை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

விளையாட வருகிறீர்களா என்று நான் கேட்டதும் அவருக்குக் குழப்பம் தொடங்கியது. "அப்பான்னு கூப்பிடறாளா, இல்ல ஆள் பத்தலைன்னு கூப்பிடறாளா?" மாடிப்படியில் நின்று இதையே கேட்டார். கடையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை என்னுடையதன் பக்கத்திலேயே வைத்து, அவர் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டேன்.

முதல் நாள் ரைஃபிள் கொடுத்தோம். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு சுவரில் முட்டிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் மேலே கேட்டால் கீழே தேடினார். செத்துப்போனால், "சரி, நான் இறங்கிட்டேன்" என்றார். கடைசியில் மகளே சொன்னாள்: "அவருக்கு ஷாட்கன் குடுங்க மாமா."

அவள் பாடம் நடத்தினாள். நீ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவை இப்போது நீங்க என்றாள். அது மரியாதையா, தள்ளிவைப்பா என்பது அவருடைய அடுத்த குழப்பம். "தூரத்துல சுடாதீங்கப்பா, குண்டு சிதறிடும். வாசலுக்கு நேரா நிக்காதீங்க. கதவுக்குப் பக்கத்துச் சுவர்ல ஒட்டிக்கோங்க. சத்தம் கேட்டாலும் அவசரப்படாதீங்க. அவன் முழுசா உள்ள வரட்டும். நெஞ்சைப் பார்த்து ஒரு குண்டு. அடுத்த குண்டு ஏற நேரமாகும், அதுக்குள்ள மறைஞ்சுடுங்க. ஓடறவனைத் துரத்திட்டு வெளியே போகாதீங்க. வெட்டவெளியில அது வெறும் இரும்புத்தடி."

கேட்கக் கேட்க எனக்கே நம்பிக்கை வந்தது. சுவரில் ஒட்டி நிற்பதும் பொறுமையாகக் காத்திருப்பதும் அவருடைய பிழைப்பு அல்லவா. அழகாகத்தான் நின்றார். கதவு திறந்தது, எதிரி உள்ளே வந்தான், அத்தான் இன்னும் கொஞ்சம் ஒதுங்கி அவனுக்கு வழிவிட்டார். வந்தவன் திரும்பி, நிதானமாக இவரைச் சுட்டுவிட்டுப் போனான்.

"ஏன் அத்தான் சுடல?"

"உள்ள வந்துட்டாரே" என்றார் அவர்.

ஒரு தடவை இல்லை, ஒவ்வொரு தடவையும் இதே கூத்துதான். பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மகள் ஒருநாள் பொறுக்காமல் சொல்லிவிட்டாள்: "எல்லாரையும் உள்ள விடறீங்களேப்பா."

அவள் கணவன் இருமினான். அத்தான் ஹெட்போனைக் கழற்றி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "இப்ப எதைச் சொன்னா?" என்று என்னைக் கேட்டார்.

"கேமைத்தான்."

"கேமைத்தானா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். உண்மையில் அவளுக்கே தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

அவள் கணவனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். திரையில் ஒவ்வொருவர் தலைக்கு மேலும் ஒரு எண் தெரியும். அத்தானுக்கு அவன் மூணாம் நம்பர். "மூணாம் நம்பர் எங்க?" என்று என்னிடம்தான் கேட்பார். அவனும் இவரிடம் நேராகப் பேசியதில்லை. இருவருக்கும் நடுவில் நான் தபால்காரன்.

அந்த வாரம் மகள் என்னிடம் தனியாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னப் போட்டி இருக்கிறது. அப்பா அதில் ஒருவரையாவது வீழ்த்தாவிட்டால், அவளுடைய ஆபீசில் நன்றாகச் சுடுகிற ஒரு பெண் இருக்கிறாள், அவளைச் சேர்த்துக்கொள்வோம் என்றாள். அவள் பக்கம் நியாயம்தான். நான் அதை அத்தானிடம் சொன்னபோது அவருக்கு முகம் விழுந்துவிட்டது.

"இதுவும் போச்சுன்னா அவ குரலை எப்படிக் கேக்கறது?"

"போன் பண்ணிப் பேசுங்க."

"பண்ணி என்ன சொல்றது?"

அவர் வேலை செய்யும் இடத்திலேயே பயிற்சியைத் தொடங்கினார். "இன்னிக்கு எலும்பு டாக்டர் உள்ள வரும்போது மனசுக்குள்ள சுட்டுப் பார்த்தேன். பாவமா இருந்துச்சு" என்று வந்து சொன்னார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஞாயிறு மதியம் அக்கா சாப்பாட்டுத் தட்டுகளைக்கூட எடுக்காமல் மாடியறை வாசலில் வந்து நின்றுகொண்டாள். அத்தான் ஒருவரையும் சுடவில்லை. ஆனாலும் நாங்கள் மூவரும் இழுத்துப் பிடித்து ஆட்டத்தைக் கடைசிச் சுற்றுவரை சமமாகக் கொண்டு வந்துவிட்டோம்.

கடைசிச் சுற்றில் வேலை சுலபம். இரும்புக் கதவு போட்ட ஓர் அறை, அதற்குள் ஒரு பெட்டி. நேரம் முடிகிறவரை எதிரி அந்தப் பெட்டியைத் தொடக் கூடாது. கதவை உள்ளே இருந்துதான் திறக்க முடியும். அத்தானை உள்ளே நிற்கவைத்து மூடிவிட்டோம். நான் வழக்கம்போல அவசரப்பட்டு முதலில் செத்தேன். மகள் இரண்டு பேரைச் சாய்த்துவிட்டுப் படிக்கட்டில் விழுந்தாள். செத்தவர்கள் பேசலாம், பார்க்கலாம், வேறு எதுவும் செய்ய முடியாது.

மிச்சம் எதிரிகள் இருவர், எங்களில் அத்தானும் மூணாம் நம்பரும். அவன் அடிபட்டு, நொண்டிக்கொண்டு அந்தக் கதவைப் பார்த்துத்தான் ஓடிவந்தான். பின்னாலேயே அவர்கள். கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி உண்டு. அதில் அவன் முகம் தெரிந்தது.

"திறக்காதீங்க. நான் பாத்துக்கறேன்" என்றான். அவன் அத்தானிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"அப்பா, திறக்காதீங்க. டைம் முடியப்போகுது. கதவு அப்படியே இருக்கட்டும்" என்றாள் மகள்.

அத்தான் கண்ணாடியையே பார்த்தார். "திறக்கிற பட்டன் எது?" என்று என்னைக் கேட்டார்.

"தொடாதீங்க அத்தான்."

அவரே தேடிக் கண்டுபிடித்துவிட்டார். கதவு திறந்தது. அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். "உள்ள தள்ளி நில்லுங்க" என்று வாய் தானாகச் சொன்னது. மூணாம் நம்பர் வந்தான், அவன் முதுகை ஒட்டியே அந்த இருவரும் வந்தார்கள். அத்தான் முதல்முறையாகச் சுட்டார். குண்டு சிதறி மேலே இருந்த விளக்கில் பட்டது. இருட்டில் யார் யாரைச் சுட்டார்கள் என்று தெரியவில்லை. தோற்றுப்போனோம் என்று மட்டும் திரையில் வந்தது.

"கையில இருந்த ஆட்டம் அத்தான்" என்று நான் மேசையைத் தட்டினேன்.

"ஏம்பா திறந்தீங்க?" என்றாள் மகள். அவள் குரலில் கோபம் இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

அத்தான் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மேலதிகாரி கேட்டால் பதில் சொல்கிற மாதிரி சொன்னார்.

"மாப்பிள்ளை வெளியே நின்னாரு."

திரையில் மகளுடைய மைக் அணைந்துவிட்டது. அத்தான் என்னைப் பார்த்தார். "லைன் போயிடுச்சா? கோவிச்சுக்கிட்டாளா?" நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர் பார்த்தால் அதற்கும் காரணம் கேட்பார்.

கொஞ்ச நேரம் கழித்து மைக் திரும்ப வந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நாளைக்கு உனக்கு எந்த ஷிஃப்ட்?"

"காலை ஷிஃப்ட்மா. மதியம் வந்துடுவேன். ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்" என்றாள். அவள் பெயரும் அவள் கணவன் பெயரும் திரையிலிருந்து மறைந்தன.

"டீம்ல இருக்கேனா இல்லையான்னு சொல்லாமப் போறாளே" என்றார் அத்தான். வாசலில் நின்ற அக்காவிடம், "நாளைக்கு ஷிஃப்ட் கேக்கறா" என்று அதையும் ஒப்பித்தார். அவள் விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள். நாங்கள் கீழே போனபோது, மூடியே கிடந்த மகளின் அறை திறந்திருந்தது. அக்கா பீரோவிலிருந்து புது விரிப்பை எடுத்து, கட்டிலின் ஒரு முனையைப் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள். கேட்காமலே அத்தான் போய் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்கு இப்ப இதை மாத்தற?" என்றார். "யாராவது வராங்களா?"