முகத்துவாரத்தில் நான் வைத்த நேர்த்தி

ஷப்னாவை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. அவளை இறங்கச் சொன்னவள் நான். மண்டூர் முருகனின் அடியார்களே, இதை முதலில் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு அருகதை இல்லை.

எனக்குப் பதினேழு வயது, ஊர் வாவிக்கரையிலுள்ள குருக்கள்மடம். கடலாய்வுக் கப்பலொன்றில் பாய்ப்படகு ஓட்டவும் கடல்நீரைச் சோதிக்கவும் பழக்குகிறார்கள் என்று கேட்டு, சென்ற தை மாதம் எட்டுப் பிள்ளைகள் சேர்ந்தோம். காத்தான்குடி ஷப்னா என் படகுச் சோடி.

வயலுக்குள் வெள்ளம் ஏறியதால், வாவித் தண்ணீர் கடலுக்கு ஓட முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் காலை, கப்பலிலிருந்து நாங்கள் இருவரும் சிறிய பாய்ப்படகில் அங்கே தண்ணீர் எடுக்கப் போனோம். வயிறு ஊதிய செத்த மாடொன்று எங்களைத் தாண்டிக் கடலுக்குள் போனது. கருவியை இறக்கினால் உப்பே காட்டவில்லை.

"என்னகா, கடலுக்கு உப்பில்லையா?" என்றாள் ஷப்னா. நானும் சிரித்தேன்.

காற்று விழுந்தது. படகு மணலில் தட்டி நின்றது. எது நடந்தாலும் படகைவிட்டு இறங்காதீர்கள் என்று பயிற்றுநர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நாங்களோ வாவிப் பிள்ளைகள். தோணி தட்டினால் இறங்கித் தள்ளித்தான் பழக்கம்.

"இறங்கித் தள்ளுகா, நான் சுக்கானைப் புடிக்கன்" என்றேன். மிதவை அங்கி இடைஞ்சல், கழற்று என்றும் சொன்னேன். பாவி நான்!

அவள் கால் வைத்த மணல் கரைந்தது. ஒரு கை தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மண்டூரில் பூசகர் வாயைக் கட்டிக்கொண்டுதானே பூசை செய்கிறார். நானும் மனதுக்குள் கேட்டேன்: முருகா, அவளைத் தா. நான்தான் இறக்கினேன் என்று அவளுடைய உம்மாவிடம் என் வாயாலேயே சொல்கிறேன்.

அப்போது வாவிப் பக்கமிருந்து ஆற்றுவாழை என்று நாங்கள் சொல்லும் ஆகாயத்தாமரையின் பெரிய திட்டொன்று சுழன்று வந்தது. எங்கள் வலைகளைச் சிக்கவைக்கும் அதே சனியன். அவள் தாழ்ந்த இடத்தை அது கடந்தபோது, அதன் வேருக்குள் ஷப்னாவின் இரண்டு கைகளும்! திட்டோடு கடலுக்குள் போனாள், ஆனால் தாழவில்லை. அவள் கழற்றிப்போட்ட அங்கியைத் தூக்கி வீசினேன். தூரத்தில் நின்ற கப்பலின் இயந்திரப் படகு கண்டு ஓடிவந்து அவளைத் தூக்கியது.

"கால் வழுக்கிட்டு சேர்" என்று பயிற்றுநரிடம் சொன்னாள். என்னைப் பார்க்கவே இல்லை. அங்கியை வீசினேன் என்று எல்லோரும் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்பது நாள் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கை. மண்டூருக்குப் போனேன். சந்நிதித் திரையை நிமிர்ந்து பார்க்கப் பயமாக இருந்தது. கும்பிடாமலே திரும்பி, நேரே காத்தான்குடிக்குப் போனேன்.

நான் அழுது சொல்லி முடிக்கும்வரை ஷப்னாவின் உம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "அங்கியக் கழட்டி வெச்சிட்டா ஒரு புள்ள வழுக்கி விழும்? எனக்கு அண்டைக்கே தெரியும். நீ வந்து சொல்லணுமெண்டு ஒவ்வொரு நாளும் துஆ கேட்டன், மகள்."

இப்போதும் நாங்கள் ஒரே படகில்தான். நான் ஒன்று சொன்னால் ஷப்னா இரண்டு தரம் கேட்டுத்தான் செய்கிறாள். நியாயம்தானே.

அடியார்களே, நம்பிக் கேளுங்கள், முருகன் தருவான். ஆனால் நேர்ந்ததைக் கொடுக்கப் பிந்தாதீர்கள். நான் ஒன்பது நாள் பிந்தினேன். அந்த ஒன்பது நாளும் என்னை மீட்கச் சொல்லி மன்றாடியவர், நான் யாருடைய பிள்ளையைத் தண்ணீரில் இறக்கினேனோ அந்தத் தாய்.