ரெண்டு மணிக்கூர் ஓட்டம்

“…போவும்ப ரெண்டு மணிக்கூர் ஓட்டமுண்ணா வரும்பளும் ரெண்டு மணிக்கூர்தானே மக்கா? கடலு ஒண்ணு, தூரம் ஒண்ணு. பின்னெ எதுக்காக்கும் நாலு மணிண்ணு போட்டிருக்கான்?”

திருவனந்தபுரம் விமான நிலையத்தில், வருகிறவர்களுக்காகக் காத்து நிற்கும் இடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டார். கடியப்பட்டணத்து மீன்பிடிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அன்று மாலை நான்கு மணிக்கு அவர் மகளுக்குக் கல்யாணம். நான்கு வருடமாக ஊர்ப் பக்கம் வராத மகன் மஸ்கட்டிலிருந்து வருகிறான். கூட்டிப்போக என் காரில் வந்திருந்தோம். அப்போது பகல் ஒரு மணி ஆகப்போகிறது. விமானம் நான்குக்குத்தான் இறங்கும் என்றது பலகை.

தக்கலையில் வாடகைக்கார் ஓட்டுகிறவன் நான். “பிளேன் கடலைத் தாண்டிரும், நாமதான் மார்த்தாண்டத்தைத் தாண்டணும்” என்று எங்கள் ஸ்டாண்டில் சொல்வார்கள். அந்த நெரிசலில் இந்தக் கொஞ்ச தூரத்துக்கே இரண்டரை மணி நேரம் ஆகிவிடும். அன்று எனக்கு இது இரண்டாவது ஓட்டம். எந்த விமானம், எத்தனை மணிக்கு என்று கேட்காமல் வண்டி எடுக்க மாட்டேன். அன்று கேட்கவில்லை. அலுப்புதான், வேறென்ன.

பேசப் பேசத்தான் அவர் கணக்குப் புரிந்தது. மகன் போனபோது டிக்கெட்டை மகள் வாசித்துச் சொல்லியிருக்கிறாள்: காலை எட்டரைக்குப் புறப்பாடு, பத்தரைக்கு மஸ்கட். கடலில் தூரத்தை ஓடுகிற நேரத்தால் அளக்கிறவர், அதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டார். முந்தின நாள் மகன் போனில், லீவு கிடைத்துவிட்டது, நாளை பதினொன்றுக்கு விமானம் என்றான். ஒன்றுக்கு இறங்குவான், மூன்றரைக்கு வீடு. ஓடிப்போய்த் தேவாலயத்துச் சாமியாரிடம் கெஞ்சி, காலையில் இருந்த கல்யாணப் பூசையை நான்கு மணிக்கு மாற்றிவிட்டார்.

அங்கே கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, போனாலும் வந்தாலும் மூன்றரை மணி நேரப் பயணம்தான் என்று விளக்கினேன். கடல் நீரோட்டத்தை அவர்கள் நீவாடு என்பார்கள்.

“கடல்லெண்ணா எதிர் நீவாடு அடிச்சு தாமசமாவும். இஞ்ச கடியாரமா அடிச்சிருக்கு?” என்றார்.

சாமியாருக்குப் போன் போட்டார். ஐந்தரைக்கு அடுத்த ஊரில் பூசை இருக்கிறதாம், இன்னொரு தடவை மாற்ற வழியில்லை. மகன் போன் அணைந்து கிடந்தது, அவன் வானத்தில். பிறகு மகளை அழைத்தார். கோயில் வாசலிலிருந்து பீடம் வரை அவளைக் கைபிடித்து நடத்த வேண்டியவர் இவர். அண்ணன் வந்து சேர ஏழரை ஆகும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் கேட்டது எனக்கும் கேட்டது.

“அப்பா, நீங்களாவது வருவியளா?”

அங்கே நின்ற எனக்குத் தெரிந்த டிரைவர் ஒருவரைக் கூப்பிட்டு, மகனை அவர் கொண்டுவர ஏற்பாடு செய்தேன். மகனுக்கு எடுத்த புதுச் சட்டையும் வேட்டியும் இருந்த பையை மீன்பிடிக்காரர் அந்த டிரைவர் கையில் கொடுத்தார். போனில் மகன் படத்தைக் காட்டினார். கம்பிப் பக்கம் தான் நின்ற அதே இடத்தில் அந்த டிரைவரைத் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

வரும்போது முன்சீட்டில் என் பக்கத்தில் இருந்தவர், இப்போது பின்கதவைத் திறந்து, காலையில் மகனுக்கென்று தன் துண்டால் துடைத்து வைத்த சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.