கை கொடுக்கும் சனிக்கிழமை

மயிலாப்பூரில் எங்கள் கோவிலில் மாதத்தின் முதல் ஞாயிறன்று அப்பமும் திராட்சரசமும் கொடுக்கும் இராப்போஜனம் நடக்கும். அந்தப் பந்திக்கு வருகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலம் ஆயத்த ஆராதனையில் ஐயரிடம் பெயர் கொடுக்க வேண்டும். சபைக் குருவை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரோடாவது மனஸ்தாபம் உண்டா என்று ஒவ்வொருவரையும் கேட்பார். உண்டென்றால் அங்கேயே கை கொடுத்துச் சமாதானமாக வேண்டும். ஆகாவிட்டால் இரண்டு பேருக்குமே பந்தி கிடையாது. மறுநாள் மற்றவர்கள் போய் முழங்காலிடும்போது அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இந்தச் சட்டத்தை வைத்து ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்தலாம் என்பது ஐயருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பெண்ணின் தாய் எங்கள் தெருவில் தையல் தைத்துப் பிழைத்த விதவை. என்னைவிட இளையவள், அக்கா என்று கூப்பிடுவாள். கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகையில் மேல் சுரத்தை எட்டிப் பிடிக்கப்போன இடத்தில் என் குரல் பிசிறிவிட்டது. "அக்கா பாட்டக் கேட்டா ஜட்கா குதிர கூட மெரண்டு ஓடிடும்" என்றாள் அவள். பாட்டுக் குழு முழுவதும் சிரித்தது. பதினெட்டு வருஷமாக அந்தக் குழுவில் முன்வரிசையில் நின்றவள் நான். அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அது எனக்கு அப்போதே தெரியும், தெரிந்தும் பற்றிக்கொண்டு வந்தது. என் பாட்டுப் புத்தகத்தின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எப்போதும் என் பக்கத்தில் நின்று பாடுகிற அவள் மகள் மட்டும் சிரிக்கவில்லை.

ஜனவரியில் ஐயர் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு, "என் மனசு இன்னும் ஆயத்தமாகலீங்க ஐயரே" என்றேன்.

"யாரோடம்மா மனஸ்தாபம்?"

நான் பெயர் சொல்லவில்லை. தையற்காரி உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தேன், அவ்வளவுதான். பெயர் சொல்லியிருந்தால் கோள் சொன்னவள் ஆகியிருப்பேன். பார்த்ததால் பாவப்பட்டவள் ஆனேன். அவள் பதறி எழுந்து வந்து கையை நீட்டினாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கண்ணில் ஈரம் ஒன்றும் இல்லை. மனசு ஆயத்தமாகவில்லை என்று ஒருத்தி சொன்னால் அதை யார் திறந்து பார்க்க முடியும்? ஐயர் இரண்டு பெயரையும் எழுதாமல் விட்டார்.

மறுநாள் எனக்கு அப்பம் கிடைக்காதது வருத்தமாகத்தான் இருந்தது. அவளுக்கும் கிடைக்கவில்லை என்பதில் ஒரு ருசி இருந்தது. பிப்ரவரியிலும் அதையே சொன்னேன்.

அவள் வீட்டுக்கு வந்தாள். முதல் தடவை உள்ளறையிலிருந்து நானே, "வீட்ல யாரும் இல்ல" என்று குரல் கொடுத்தேன். "சரிக்கா, அப்பால வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டாம் தடவை எனக்கென்று ஒரு ரவிக்கை தைத்து எடுத்து வந்தாள்.

"இன்னாக்கா, ஒரு வார்த்த. தெரியாம சொல்லிட்டேன். பொண்ணுக்கு மாம்பலத்துல ஒரு எடம் பேசிக்கினு கீறோம். மாப்ள அம்மா கோயிலுக்கே வந்து பாக்குறேன்னு சொல்லிக்கீறாங்க. நான் பெஞ்சில குந்திக்கினு இருந்தா இன்னா நெனப்பாங்க?"

எப்போது வருகிறார்கள் என்று கேட்டேன். வருகிற முதல் ஞாயிறு என்றாள். பார்க்கலாம் என்று சொல்லி ரவிக்கையை வாங்கி வைத்துக்கொண்டேன். அளவு கச்சிதமாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் மார்ச் மாதச் சனிக்கிழமை ஐயர் முன்னால் நின்று, இன்னும் ஆயத்தமாகவில்லை என்றேன்.

மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடத்தில் புதிதாக வீடு கட்டியிருந்தார்கள் மாப்பிள்ளை வீட்டார். மாப்பிள்ளையின் அம்மா வேறு சபை, ஆகவே பந்திக்குப் போகாமல் என் பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்தாள். பெண் போய் முழங்காலிட்டதைப் பார்த்து அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிறகு அந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்த தாய் அவள் கண்ணில் பட்டாள். என் பக்கம் சாய்ந்து, "அந்தம்மா ஏன் போகல? ஏதாவது நடத்தைக் கோளாறா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எங்களுக்குள் சின்னச் சண்டை என்று சொல்லியிருக்கலாம்.

"என் வாயால நான் ஒண்ணும் சொல்லக் கூடாதுங்க" என்றேன். "புருஷன் இல்லாதவ, பாவம். நாங்கல்லாம் ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கோம்."

ஜெபம் பண்ணியதாகச் சொன்னது பொய். மற்றபடி நான் எதையும் இட்டுக்கட்டவில்லை. பத்தே நாளில் சம்பந்தம் முறிந்துபோனது. என்ன காரணம் என்று அவர்கள் கடைசிவரை சொல்லவில்லையாம். அந்தப் பெண் எப்போதும் போல் பாட்டுக்கு வந்தாள், எப்போதும் போல் என் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் மாதத்தில் என் மனசு ஆயத்தமாகிவிட்டது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. மூன்று மாதம் பந்தி இல்லாமல் இருந்ததில் எனக்கு உண்மையாகவே அதன்மேல் பசி வந்திருந்தது. அந்த வாரம் முழுக்க இராத்திரிச் சாப்பாட்டை விட்டேன். சனிக்கிழமை ஐயர் முன்னால் நானே தையற்காரியிடம் போய்க் கையை நீட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி, "மன்னிச்சிட்டேன்மா" என்றேன். அவள் விரல்களில் ஊசி குத்திய தழும்புகள் சொரசொரத்தன. "சரிக்கா" என்றாள். ஐயர் சந்தோஷமாக இரண்டு பெயரையும் எழுதினார். அடுத்து வரிசையில் நின்றவள் அவள் மகள்.

"உனக்கு யாரோடாவது மனஸ்தாபம் உண்டாம்மா?" என்று கேட்டுக்கொண்டே ஐயர் அவள் பெயரை எழுத ஆரம்பித்துவிட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் குனிகிற அதே அளவு.

"என் மனசு இன்னும் ஆயத்தமாகலீங்க ஐயரே."

"யாரோடு?"

அவள் பெயர் சொல்லவில்லை. என்னை ஒரு தரம் பார்த்தாள். கோவிலில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். நான் அவசரமாக எழுந்து போய்க் கையை நீட்டினேன். அவள் கை முந்தானைக்குள் இருந்தது, வெளியே வரவில்லை. அவள் தாய், "குடுத்துடும்மா" என்றாள். அப்போதும் வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கையை நீட்டிக்கொண்டு நின்றேன். ஐயர் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, பாதி எழுதிய அவள் பெயரின் மேலும் சற்று முன் எழுதிய என் பெயரின் மேலும் கோடு போட்டார்.

மறுநாள் பாட்டுக்கு அவள் வழக்கம்போல் என் பக்கத்தில் வந்து நின்று, புத்தகத்தின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். ஏழு வருஷம் அப்படித்தான் பிடித்துக்கொண்டு பாடினாள். ஒவ்வொரு மாதமும் ஐயர் அவளைக் கேட்டார், அவளும் அதையே சொன்னாள்.