மூன்றாம் ஒலிநாடாவுக்கு ஒரு பாயிரம்

என் மனைவியின் தம்பி பங்க் இசைக்குழு ஒன்றின் பாடகனாக இருந்தான். எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் எறணாகுளத்துக்கு எதிர்க்கரையான மட்டாஞ்சேரியில் தமிழாசிரியனாகப் பணியாற்றி வந்தேன். கப்பல் மாலுமிகள் கடைத்தெருவில் விற்றுவிட்டுப் போன ஒலிநாடாக்களின் வழியாக அவ்விசை எங்கள் ஊரை அடைந்திருந்தது. அதற்கொரு தமிழ்ப்பெயர் சூட்ட நான் பெரிதும் முயன்று தோற்றேன். மூன்றே கித்தார் சுரங்கள், மூச்சு விடாத முழக்கம், அவற்றின் மேல் யாரையோ தெருவில் மறித்துக் கேள்வி கேட்பது போன்ற ஒரு குரல். இவையே அதன் இலக்கணம் என்று விளங்கிக்கொண்டேன். என் மைத்துனன் பாடியது தமிழில்தான். ஆனால் அதனைக் கேட்டு இன்ன மொழி என்று எவரும் உறுதி சொல்லிவிட முடியாது.

அக்குழு அதுவரை இரண்டு ஒலிநாடாக்களை வெளியிட்டிருந்தது. இரண்டும் கடைத்தெருவில் ஓர் அரிசிக் கிடங்கில், மூட்டைகளுக்கு நடுவே பதிவு செய்யப்பட்டவை. எறணாகுளத்து மலையாள நாளிதழ் ஒன்றின் ஞாயிறு மலரில் இசை பற்றி எழுதிவந்த திறனாய்வாளர் ஒருவர், தமிழும் நன்கறிந்தவர், முதல் நாடாவைப் பற்றி ஒரே வரி எழுதினார்: இப்பாடல்களில் சொற்கள் இல்லை. இரண்டாவது வந்தபோது, முன்பு சொன்னதே இதற்கும் பொருந்தும் என்று எழுதினார். என் மைத்துனன் அவ்விரு வரிகளையும் பல்வலியைப் போலச் சுமந்துகொண்டு திரிந்தான்.

இந்நிலையில் குழுவில் முழவு வாசிப்பவனுக்குத் துபாயிலிருந்து விசா வந்தது. சுள்ளிக்கல்லைச் சேர்ந்த அவன் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் பொருத்துநன். அவன் போனால் குழு இல்லை. ஆகவே மூன்றாம் நாடாவே கடைசி என்றும், இதனையாவது முறையான ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவதென்றும் முடிவு செய்தார்கள். அன்று மாலை மைத்துனன் என்னிடம் வந்தான்.

"அத்தான், புஸ்தகத்துக்கெல்லாம் முன்னாடி வெண்பா எழுதிக் குடுப்பீங்கல்லோ. அதுபோல ஒண்ணு வேணும். டேப்போட அட்டைக்கு."

"உங்க கூச்சலுக்கு எதுக்கு வெண்பா?"

"பேப்பர்ல எழுதற அந்தாளு படிச்ச ஆளு. வெண்பாவக் கண்டா, உள்ள ஏதோ வாக்கு இருக்குன்னு நெனச்சுக் காது குடுத்துக் கேப்பான். ஒரு தடவ வாக்கக் கேட்டா மதி. பின்னே ஏசினாலும் செரி."

மலையாளம் கலந்த எங்கள் ஊர்ப் பேச்சில் வாக்கு என்றால் சொல், மதி என்றால் போதும். இந்தக் கடைசிச் சொற்களை அவன் சொன்ன விதத்தில் விளையாட்டு இல்லை. எழுதித் தருகிறேன் என்று உடனே சொல்லியிருப்பேன்; ஆனால் இலக்கணம் குறுக்கே நின்றது. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் சொல்லும் உரிமை நால்வர்க்கே உண்டென்பது பழைய விதி: நூல் செய்தவனின் ஆசிரியன், உடன் கற்றவன், அவனுடைய மாணாக்கன், நூலுக்கு உரை கண்டவன். இதனை நான் விளக்கியபோது, அடுக்களையில் கப்பைக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி தலையை நிமிர்த்தவில்லை.

"இந்த நாலு பேர்ல அக்கா புருஷன் இல்லையாக்கும்" என்றாள்.

"இல்ல."

"பின்னே உரை எழுதிட்டு வெண்பா எழுதுங்க. தடையா?"

தடை ஏதுமில்லை. அவ்வாறே நான் அந்த இசைக்குழுவின் உரையாசிரியன் ஆனேன்.

பள்ளி விட்டதும் கிடங்குக்குப் போவது வழக்கமாயிற்று. அரிசி மூட்டை ஒன்று எனக்கு இருக்கையாக ஒதுக்கப்பட்டது. பாட்டு முடிந்ததும் நான் ஐயம் கேட்பேன். மைத்துனன் விடை சொல்வான். முதற்பாடல் படகுத்துறையைப் பற்றியது. "படகு வரும், படகு வராது" என்பதே அதன் பல்லவி என்பதை ஐந்தாம் முறை கேட்டபின் அறிந்தேன். "வரும் என்றது நம்பிக்கை, வராது என்றது பட்டறிவு" என்று அதற்கு உரை எழுதினேன். படித்துக் காட்டியபோது, இவ்வளவு ஆழமாகத் தான் நினைத்திருக்கவில்லை என்று மைத்துனன் மகிழ்ந்தான்.

இரண்டாம் பாடலில் இடர்ப்பட்டோம்.

"இந்த மூணாவது அடி என்ன?" என்றேன்.

"அங்க வாக்கு ஒண்ணும் இல்ல அத்தான். சும்மா ஒரு கூவல்."

"கூவலுக்கு நான் எப்படி உரை எழுதறது?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். மறுநாள் அவ்விடத்தில் சொற்கள் இருந்தன, நல்ல சொற்கள். அதற்கடுத்த நாள் வேறு இரண்டு கூவல்களும் சொற்களாயின. நான் கேட்பேன் என்பதை எதிர்பார்த்து அவன் எதுகை கூடப் பார்க்கலானான். குரலின் வேகம் தணிந்தது. ஒவ்வொரு சொல்லும் கழுவி வைத்த பாத்திரம் போல் தனித்து விளங்கிற்று. எனக்கு உள்ளூரப் பெருமிதம். முழவுக்காரன்தான் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் முறையிட்டான்.

"மாஷே, நீங்க அர்த்தம் கேட்டுக் கேட்டு இவன் நிறுத்தி நிறுத்திப் பாடறான். பாட்டு நடந்து போகுது. நான் மட்டும் ஓடி எங்க போக?"

"நீ துபாய்க்குப் போ" என்றான் மைத்துனன்.

"போறேன்டா. போனா நீ இந்த அரிசிச் சாக்கைத் தட்டிப் பாடு."

இந்தச் சச்சரவுக்கிடையே பாடல்கள் நிறைந்தன. பதிவு எறணாகுளத்தில், வழக்கமாகப் பக்திப் பாடல்கள் பதியும் கூடம் ஒன்றில் நிகழ்ந்தது. அங்கிருந்த பதிவாளர் அவர்களுடைய கருவிகளைக் கண்டு முதலில் கலங்கினாலும், பாடகனின் சொல் தெளிவைக் கேட்டு, சாயா வரவழைத்து உபசரித்தார். நான் உரையை முடித்து, உரிமை பெற்றவனாக வெண்பாவும் யாத்தேன். ஒலிநாடாவின் அட்டை மிகச் சிறியது. என் மூன்றாம் அடி மடிப்புக்குள் போய்விட்டது. அதனைப் படிக்க விரும்புவோர் அட்டையைப் பிரித்து வெயிலில் பிடிக்க வேண்டும்.

நாடா வெளிவந்தது. திறனாய்வாளருக்கு ஒன்றை மைத்துனனே நேரில் கொண்டுபோய் அலுவலக வாயிலில் கொடுத்துவிட்டு வந்தான். பின்பு ஒவ்வொரு ஞாயிறும் காத்திருந்தான். அவருடைய பத்தியில் வயலின் கச்சேரி வந்தது, திரைப்படப் பாடல் வந்தது, இவர்கள் வரவில்லை. முழவுக்காரனின் பயண நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

மற்றோர் வாளாவிருக்கவில்லை. எங்கள் தமிழ்மன்ற இதழ் ஒரு பக்க மதிப்புரை வெளியிட்டது. அதில் பெரும்பகுதி என் வெண்பாவின் தளையைப் பற்றியது. இறுதியில், இதனோடு சில பாடல்களும் இணைக்கப்பெற்றுள்ளன என்றொரு தொடர் இருந்தது. மைத்துனன் அதனை என் மனைவியிடம் உரக்கப் படித்துக் காட்டினான். அவள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த மதிப்புரை கிடங்கு முதலாளியிடமிருந்து வந்தது. நான்காம் பாடல் அவரைப் பற்றியது. அவருடைய கிடங்கிலேயே, அவர் காதுபடவே, இரண்டு நாடாக்களாக அவரைத் திட்டி வந்திருக்கிறார்கள். சொல் விளங்காததால் அவர் தாளம் போட்டுக் கேட்டிருக்கிறார். இப்போது விளங்கிவிட்டது. கடைத்தெருவில் என்னை மறித்தார்.

"வாத்தியாரே, நாலாம் பாட்டுல ஒரு எலி வருது."

"வருகிறது" என்றேன். வேறு என்ன சொல்வது.

"அந்த எலிக்கு என் மீசை இருக்காம்."

நான் அவர் மீசையை விட்டுத் தரையைப் பார்த்தேன்.

"பாட்டு கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு எலின்னு சொன்னது பச்சப் பொய். என் குடோன்ல எலி எண்ணி முடியாது. அடுத்ததுல திருத்தச் சொல்லுங்க." அடுத்தது இல்லை என்றேன். அவருக்கு உண்மையாகவே வருத்தம்.

மிகவும் நொந்துகொண்டவர்கள் பள்ளுருத்தி இளைஞர்கள். அவர்களே இக்குழுவின் நிலையான அவையினர். மேடைக்கு முன் நின்று ஒருவர்மேல் ஒருவர் மோதிக் குதிப்பவர்கள். அவர்களுள் ஒருவன் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"சேட்டா, வாக்கெல்லாம் மனசிலாகுது" என்றான், வீட்டில் ஒரு சாவு விழுந்ததைச் சொல்பவன் போல.

"அது நல்லதல்லோ?" என்றான் மைத்துனன்.

"முந்தி நாங்க ஒவ்வொருத்தனும் அவனவன் சங்கடத்த நெனச்சுக் குதிப்போம். இப்போ படகு லேட்டுன்னு தெரிஞ்சு போச்சு. படகு லேட்டானா எதுக்கு சேட்டா குதிக்கணும்?"

பல ஆண்டு உரை எழுதியும் பயிற்றியும் வந்த எனக்கு, விளங்காமையால் ஒரு பாட்டு பலருக்கு உரியதாகலாம் என்பது அன்றுவரை தோன்றியதில்லை. மைத்துனன் அன்று சரியாக உண்ணவில்லை. அவையினரை இழந்தாயிற்று, திறனாய்வாளரோ வாய் திறக்கவில்லை.

துபாய் விமானத்துக்காக முழவுக்காரன் பம்பாய்க்கு வண்டி ஏறிய நாள் ஒரு ஞாயிறு. மட்டாஞ்சேரித் துறையில் நாங்கள் மூவரும் அவனுடைய தகரப் பெட்டியோடு படகேறினோம். துறைக்கடையில் வாங்கிய நாளிதழை மைத்துனன் வழக்கப்படி ஏழாம் பக்கத்தில் திறந்தான். திறந்தவன் அசையவில்லை.

"எந்தாடா?" என்றான் முழவுக்காரன்.

"நம்மளப் பத்தி."

படகின் இயந்திர ஓசைக்கு மேலாக அவன் படித்தான். பத்தி முழுவதும் அவர்களைப் பற்றியே இருந்தது. இம்முறை ஒவ்வொரு சொல்லும் கேட்டது என்று அவர் எழுதியிருந்தார். படகுப் பாட்டையும் எலிப் பாட்டையும் எடுத்துப் பேசியிருந்தார். ஓரிடத்தில் சிரித்துவிட்டதாகவும் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் முடிவு வேறு விதமாக இருந்தது. சொற்கள் வந்ததும் புயல் போய்விட்டதாகவும், முதல் இரண்டு நாடாக்களை மீண்டும் எடுத்துப் போட்டுக் கேட்டதாகவும், அவையே மேலானவை என்றும் எழுதி முடித்திருந்தார்.

மைத்துனன் இதழை மடியில் வைத்தான். "அத்தான், இது புகழ்ச்சியா, ஏச்சா?"

நான் சொல் தேடிக்கொண்டிருந்தபோது முழவுக்காரன் முந்திக்கொண்டான்.

"மடையா, ரெண்டு டேப்பும் அந்தாளு இன்னும் வெச்சிருக்கான். சொல்லே இல்லாத டேப்பை எவனாச்சும் அலமாரியில் வெப்பானா?"

மைத்துனன் அவனைப் பார்த்தான். பிறகு இதழை எடுத்து முதலிலிருந்து மறுபடி படித்தான். இரண்டாம் முறை படித்தபோது குரலை ஏற்றினான். படகில் இருந்த மீன்காரப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இதுதாண்டா" என்று முழவுக்காரன் பெட்டியின் மேல் தாளம் தட்டினான். எறணாகுளம் சேரும்வரை இருவரும் அந்த மதிப்புரையையே பாடிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நிலையத்துக் கடையில் எஞ்சியிருந்த அவ்விதழ்கள் அனைத்தையும் மைத்துனன் வாங்கி நண்பனின் கையில் திணித்தான். தொடர்வண்டியில் ஒருவர் வாங்கிய இதழைப் பெட்டி முழுவதும் படிப்பது நம் நாட்டு வழக்கம். முழவுக்காரன் அவ்வழக்கத்தைத் திருப்பிப் போட்டான். கேளாமலே ஆளுக்கொன்று கொடுத்தான்.

"சேட்டா, அரசியல் பின்னே வாயிக்கலாம். முதல்ல ஏழாம் பக்கம்."

வண்டி அசையும்போது அந்தப் பெட்டியின் சன்னல்கள் எல்லாவற்றிலும் ஒரே பக்கம் விரிந்திருந்தது. படித்து முடித்த முதியவர் ஒருவர் தலையை நீட்டி, யார் பாடியது என்று கேட்டார். முழவுக்காரன் நடைமேடையில் நின்றவனைச் சுட்டிக் காட்டினான். மைத்துனன் கைகளை உயர்த்தி, வண்டியோடு ஓடிக்கொண்டே ஏதோ கூவினான்.

"எந்தா சொல்றான்?" என்று அம்முதியவர் என்னிடம் கேட்டார். நான் கையை ஆட்டி வழியனுப்பினேன்.