மூன்றாவது சுற்றில் அணைந்த கம்ப்யூட்டர்

அகிலாண்டம் வாடிப்பட்டியில் பிறந்து, பதினெட்டு வயதில் நர்சிங் படிக்க மதுரைக்கு வந்து, முப்பத்தாறு வருடம் வார்டிலும் ஆபரேஷன் தியேட்டரிலும் நின்றே கால் வீங்கியவள். ஓய்வு பெற்ற பிறகும் கே.கே. நகரில் யாருக்காவது பிரஷர் பார்க்க வேண்டும், கட்டுப் பிரிக்க வேண்டும் என்றால் அவள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். தெருவுக்கே அவள் சிஸ்டரம்மா.

அவளுக்குப் பிடிக்காதது ஒன்றுதான்: உண்மையை மறைக்கும் நோயாளி. சர்க்கரை முந்நூறைத் தாண்டியவர், "ரெண்டு இட்லிதான் சிஸ்டர் சாப்பிட்டேன்" என்று முனகினால், "அல்வாவ யாரு சாப்பிட்டா, பக்கத்து பெட்டா?" என்று டாக்டர் முன்னாலேயே கேட்டுவிடுவாள்.

அப்படிப்பட்டவள் 2003-ஆம் வருடம், தன் ஐம்பத்தொன்பதாவது வயதில், ஒரு ரகசியத்தைச் சுமந்துகொண்டு திரிந்தாள். அவளுக்குக் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஓட்ட வேண்டும்.

வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு வருடம் நோயாளிகளின் விவரம் பதிய ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். யாரோ ஒரு டியூட்டி டாக்டர் அதில் கார் ரேஸை ஏற்றிவிட்டுப் போனார். மத்தியானம் வார்டு அடங்கியதும் சும்மா தொட்டுப் பார்த்தாள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத பெண்மணி, மலைப்பாதையில் சிவப்புக் காரை இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் விரட்டிப் பள்ளத்தில் தள்ளினாள். மறுநாளும் தள்ளினாள். ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலையும் கையில் பழத்தட்டுமாக வீட்டுக்கு வந்தபோது அவள் நினைத்து வருந்தியது வார்டை அல்ல, அந்தக் காரை.

பிரவுசிங் சென்டருக்குப் போகவும் வழியில்லை. போன கோடையில்தான் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், செயலாளர் மீனலோசனி கேட்டுக்கொண்டதற்கு இணங்க, "கம்ப்யூட்டர் விளையாட்டும் கண் நலமும்" என்று முக்கால் மணி நேரம் பேசியிருந்தாள். கண் உலரும், கழுத்து பிடிக்கும், புத்தி மழுங்கும் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்லிக் கைதட்டல் வாங்கினாள். அந்த வாயோடு எங்கே போய் உட்காருவது?

அதனால் வீட்டில் வேறு மாதிரி ஆரம்பித்தாள். சிங்கப்பூரில் இருக்கும் மகன் கிரீஷுக்கு மெயில் அனுப்ப ஒரு கம்ப்யூட்டர் இருந்தால் நல்லது என்றாள். பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கணவர் கைலாசநாதனுக்கு அது நியாயமாகப் பட்டது. மறுநாளே பைபாஸ் ரோட்டில் இருந்த ஷோரூமுக்குக் கூட்டிப்போனார். எதை வாங்கினாலும் கம்பெனி பொருளாக, அட்டைப்பெட்டியோடு, வாரண்டியோடு வாங்க வேண்டும் என்பது அவர் கட்சி.

விற்பனைப் பெண் என்ன உபயோகத்துக்கு என்று கேட்டாள். மெயிலுக்கு என்றார் அவர். அப்படியானால் இதுவே போதும், இதுவே அதிகம் என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டினாள். அகிலாண்டம் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இதில் படமெல்லாம் வேகமாக ஓடுமா என்று பொதுவாகக் கேட்டு வைத்தாள். என்ன படம் என்று அந்தப் பெண் கேட்டதும் அகிலாண்டம் விலைச்சீட்டைப் படிக்க ஆரம்பித்தாள். வேகத்துக்குத் தனியாக கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும், இந்த மாடலில் அது வராது, வெளியில் பிரித்துப் போட்டால் வாரண்டி போய்விடும் என்றாள் அந்தப் பெண்.

வீடு திரும்பும் ஆட்டோவில் அகிலாண்டத்துக்குத் திடீரென்று கம்பெனிப் பெட்டிகள் மேல் அவநம்பிக்கை பிறந்தது. சீல் வைத்த பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? பிளவுஸைக்கூட ரெடிமேடில் வாங்காத வீட்டில் கம்ப்யூட்டரை எதற்கு ரெடிமேடில் வாங்க வேண்டும்? அளவு சொல்லி, பாகம் பாகமாகப் பார்த்து வாங்கி, கண் முன்னால் பூட்டச் சொன்னால் ஆயிற்று. சிம்மக்கல் வருவதற்குள் கைலாசநாதன் சரி என்றுவிட்டார். முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் எந்த இடத்தில் சரி என்பது நல்லது என்று அவருக்குத் தெரியும்.

அசெம்பிள் செய்ய ஆனையூர் விருமாண்டியைப் பிடித்தார்கள். நாற்பது வயது, கைசுத்தமான ஆள் என்று பெயர். அகிலாண்டத்துக்குக் கைசுத்தம் என்றால் வேறு அர்த்தம். அவன் கடை ஒரு மாவு மில்லுக்கு மாடியில் இருந்தது. மேஜை, நாற்காலி, விருமாண்டியின் புருவம் எல்லாவற்றிலும் அரிசி மாவு. இங்கே எதையும் திறக்கக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் பூட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டாள். கிராபிக்ஸ் கார்டு நல்லதாக இருக்கட்டும் என்பதை மட்டும், கணவர் படியிறங்கிய பிறகு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

புதன்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் சலவை விரிப்பு விரித்து, பாகங்களைத் தியேட்டரில் கருவிகள் அடுக்குவதுபோல் அடுக்கினாள். விருமாண்டியை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வைத்தாள். திருகாணிகளை எண்ணிக் கிண்ணத்தில் போட்டாள். "ஆபரேஷன் யாருக்கும்மா?" என்று கேட்டாலும் அவன் மறுக்கவில்லை.

சிப்பின் மேல் உட்காரும் அலுமினியக் கட்டியைத் திருப்பி வைத்து, அதன் அடிப்பகுதியில் ஒரு சிறிய சிரிஞ்சிலிருந்து வெள்ளைப் பசையைப் பிதுக்கினான். அதை விரலாலேயே தடவினான். அப்போது அவன் போன் அடித்தது. சிக்னல் கிடைக்காமல் வாசலுக்குப் போனான்.

அகிலாண்டம் பசையைப் பார்த்தாள். விரலால் தடவியது. ஓரமெல்லாம் வழிந்து நிற்கிறது. முப்பத்தாறு வருடப் பழக்கத்தை எத்தனை நேரம் அடக்க முடியும்? பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, முகம் தெரிகிற அளவுக்குச் சுத்தமாகத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். ஆண்பிள்ளைகளுக்குச் சுத்தம் பற்றாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். போனைத் தோளில் இடுக்கியபடி திரும்பிய விருமாண்டி, வாடிப்பட்டி வாடிக்கையாளர் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டே கட்டியை எடுத்து மாட்டித் திருகினான்.

மெயில் அருமையாகப் போனது. கிரீஷ் பதில் போட்டான். கைலாசநாதன் உரக்கப் படித்தார். அவர் லைப்ரரிக்குப் போன பிறகு அகிலாண்டம் கதவைச் சாத்தி, ரகசியமாக வாங்கி வைத்திருந்த சி.டி.யிலிருந்து கார் ரேஸை ஏற்றிக் காரை எடுத்தாள். முதல் சுற்று, இரண்டாவது சுற்று. மூன்றாவதில் திரை கறுத்து, பெட்டி அணைந்தது. ஆறப்போட்டு மறுபடி ஓட்டினாள். மூன்றாவது சுற்றில் மறுபடி அணைந்தது. ஒரு வாரம் அதே கதை.

விருமாண்டி வந்தான். எப்போது அணைகிறது என்று கேட்டான். கணவர் பக்கத்தில் நிற்கிறார். "சும்மா இருக்கயிலேயே அணையிது தம்பி" என்றாள். அவன் ஒரு மணி நேரம் மெயிலும் பாட்டுமாக ஓடவிட்டான். பெட்டி கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது. கரண்டு வயரை மாற்றிவிட்டுப் போனான். அடுத்த தடவை மெமரியை மாற்றினான். மூன்றாவது தடவை வந்து மேஜையருகே உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தான்.

"சிஸ்டரம்மா, எனக்குப் பிடிபடல. எல்லாத்தையும் கழட்டி எடுத்துக்கிறேன். பணத்த முழுசாத் தாரேன். நீங்க கம்பெனி சிஸ்டமே வாங்கிக்கங்க. கே.கே. நகர்ல எம்பேரு கெட வேணாம்."

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் கைலாசநாதன். ஷோரூமுக்கு மாலையே போகலாம் என்றும் சொன்னார்.

அகிலாண்டம் சாம்பல் நிறப் பெட்டியை நினைத்தாள். மெயிலுக்கு இதுவே அதிகம். விருமாண்டி திருப்புளியை எடுத்து முதல் திருகாணியில் வைத்தான். தான் பார்த்த நோயாளிகளிலேயே மோசமான நோயாளி அந்த மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அல்வா தின்றவராவது ரெண்டு இட்லி வரை ஒப்புக்கொண்டார்.

"மெயில் பாக்குறப்ப நிக்காது" என்றாள். "கார் ரேஸ் ஓட்டுறப்பதான் நிக்கிது. மூணாவது ரவுண்டுல."

விருமாண்டியின் கை நின்றது. "யாரும்மா ரேஸ் ஓட்டுறது?"

"நாந்தேன்."

கைலாசநாதன் பேப்பரை இறக்கினார். விருமாண்டி சிரிக்கவில்லை; அவனுக்கு நோய் தெரிந்துவிட்ட சந்தோஷம். ரேஸ் ஓட்டினால் சூடேறும், சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும், ஆனால் புதுச் சிஸ்டம் ஏன் இப்படிக் காய வேண்டும் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு அலுமினியக் கட்டியைக் கழற்றித் திருப்பினான். கண்ணாடிபோல் பளபளத்தது.

"பசை தடவுனேனே. சூட்டக் கடத்துறதே அதான்."

ஒரு உண்மையைக் கக்கிய பிறகு இரண்டாவது சுலபமாக வருகிறது. "ஸ்பிரிட்டு போட்டு நான்தான் தொடச்சேன். அழுக்குன்னு நெனச்சேன்."

விருமாண்டி கட்டியை மேஜையில் வைத்தான். "ஊருக்கே மருந்து போட்ட கை. நான் போட்ட மருந்தத் தொடச்சுப்புட்டு, நோய் என்னன்னு என்னையவே மூணு வாட்டி கேட்டீகளேம்மா."

"அந்த அசோசியேஷன் மீட்டிங்குல" என்று ஆரம்பித்தார் கைலாசநாதன்.

"தெரியும். நாந்தேன் பேசுனேன்" என்றாள்.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து விருமாண்டிக்கு அவரே காபி போடப் போனார். அடுப்படியிலிருந்து அவர் சிரிக்கும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரிக்கிற சிரிப்பு.

மறுவாரம் ஒரு காலை, கதவைச் சாத்தாமல் அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். கைலாசநாதன் பின்னால் நாற்காலி போட்டு, வளைவில் பிரேக் பிடி, அவனுக்கு வழி விடு என்று படுத்திக்கொண்டிருந்தார். ரகசியமாக ஓட்டியபோது இந்தத் தொல்லையாவது இல்லாமல் இருந்தது என்று அவளுக்குத் தோன்றிய நேரத்தில், பிரஷர் பார்க்க மீனலோசனி உள்ளே வந்தாள். திரையைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள்.

"என்ன சிஸ்டர் இது?"

மெயில் என்று சொல்லப் பழகிய வாய் ஒரு நொடி திறந்து மூடியது. "கார் ரேஸ். தெனமும் ஓட்டுறேன். ஒக்காரு, முடிச்சிட்டு வாரேன்."

மீனலோசனி உட்கார்ந்தாள். ஐந்தாவது சுற்று முடிந்து கொடி அசைந்தது.

"எத்தனாவது?"

"ஆறாவது."

"எத்தன காரு ஓடுது?"

"ஆறுதான்" என்று சொல்லிவிட்டு, பிரஷர் கருவியை எடுத்து மீனலோசனியின் கையில் சுற்றினாள் அகிலாண்டம்.